என் பின்னால் ஓடியவன்

காப்பிரி முத்தப்பன் என்னைத் துரத்துகிறார் என்றுதான் நான் முதலில் நம்பினேன். நாற்பத்துநாலு வயசு, பி.காம்., மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் தலைமைக் குமாஸ்தா, வீட்டில் இரண்டு பெண்கள். இத்தனை தகுதி உள்ள ஆள் அப்படி நம்பலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக நம்பலாம். விடிவதற்கு முன்னால், தெருவில் ஒரு நாய் கூட இல்லாத நேரத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருவன் ஓடி வந்தால் நீங்களும் நம்புவீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காப்பிரி முத்தப்பன் எங்கள் ஊர் மதில்களில் குடியிருப்பவர். போர்ச்சுகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்த மனிதர்கள் இருந்தார்கள். டச்சுக்காரர்கள் வந்து ஊரைப் பிடித்தபோது, ஓடிப்போன எஜமானர்கள் தங்கள் பொன்னைச் சுவருக்குள் மறைத்து, காவலுக்கு அந்த மனிதர்களையும் சங்கிலியோடு உயிருடன் வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள் என்று கதை. அப்படிச் செத்தவரின் ஆவிதான் முத்தப்பன். அவருக்குக் கள்ளும், சுருட்டும், அவித்த முட்டையும் மதிலடியில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எந்த மதம் என்கிற பேதமெல்லாம் அங்கே கிடையாது. நல்லவர். ராத்திரி மதில் மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார், வழி தவறியவர்களுக்கு வழி காட்டுவார் என்பார்கள். அவர் பங்கைக் காலால் எற்றிவிட்டவனை என்ன செய்வார் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் எற்றிவிட்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அங்கே எனக்கு என்ன வேலை என்றால், ஓட்டம். எண்பதுகளின் ஆரம்பம் அது. எர்ணாகுளத்தில் ஒரு கிளப் அரை மாரத்தான் நடத்தப்போவதாக அறிவித்திருந்தது. இருபத்தொரு கிலோமீட்டர். என் மனைவி விசாலத்தின் தம்பி கிட்டு, பாங்குக்காரன், எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வயிற்றைப் பார்த்து ஒரு நாள், "அத்திம்பேர் ஓடினா தோப்பும்படிப் பாலம் தாங்காதாக்கும்" என்றான். என் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். விசாலமும் சிரித்தாள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் சிரிப்பில் கரண்டியையே இலையில் போட்டாள். அப்போதே எச்சில் கையோடு சபதம் செய்தேன், டிசம்பரில் ஓடிக் காட்டுகிறேன் என்று.

ஜனவரியில் தொடங்கினேன். வாங்கிய கான்வாஸ் ஷூ முதல் நாளே இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. "ஏதோ ஒலிம்பிக்ல ஒருத்தர் வெறுங்காலோடயே மாரத்தான் ஓடி ஜெயிச்சிருக்கார் அத்திம்பேர், ஷூவெல்லாம் சும்மா" என்றான் கிட்டு. சரி, நம் பாட்டன் முப்பாட்டன் யார் ஷூ போட்டான் என்று நானும் வெறுங்காலோடு கிளம்பினேன். வேட்டியை மடித்துக் கட்டி, மேலே ஒரு கை வைத்த பனியன். கிடங்குத் தெரு வழியாகப் போய், கோட்டைக் கொச்சிக் கடற்கரை, பிறகு மைதானம், திரும்பும்போது தோட்டுக் கரை. தோடு என்றால் எங்கள் பக்கத்தில் கால்வாய். அந்தக் கரையின் ஈர மண் காலுக்கு மெத்தென்று சுகமாக இருக்கும். விடிகாலையில் பலருக்கு அதுதான் கக்கூஸ் என்பது எனக்குத் தெரியாததல்ல. பார்த்துத்தான் ஓடினேன். இருட்டில் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு.

மழைக்காலம் பிறந்ததும் கால் விரல் இடுக்குகளில் அரிப்பு. விசாலம் மஞ்சள் அரைத்துப் போட்டாள். பிறகு கொஞ்ச நாள் வறட்டு இருமல். அதற்குக் கஷாயம். எல்லாம் ஓட்டக்காரனுக்கு வருகிற விழுப்புண் என்று கிடங்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். மூட்டை தூக்கும் ஹம்சா, "சுவாமி ஓடி ஓடிக் கொக்கு மாதிரி ஆயல்லோ" என்றான். மெலிந்தது பாராட்டாகப் பட்டது. வெளுத்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

புரட்டாசி வாக்கில்தான் அது. கிடங்குத் தெரு திரும்புகிற முனையில் மதிலை ஒட்டி ஓடும்போது காலில் ஏதோ இடறியது. கள் வைத்த தேங்காய்ச் சிரட்டை உருண்டது. கள் வாடை. முட்டை ஒன்று சாக்கடையில் 'டுபுக்' என்று விழுந்தது. ஐயோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். மறுபடி ஓட ஆரம்பித்தபோதுதான் கேட்டது. தொப், தொப், தொப். எனக்குச் சற்றுப் பின்னால், வலது பக்கத்தில். நான் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது. திரும்பிப் பார்த்தால் ஈரத் தெருவும் விளக்குக் கம்பமும்தான்.

நின்றேன். அது நிற்கவில்லை.

அது கொஞ்சம் இரைப்போடு, நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி, என் காதுக்கு ஒரு முழத்தில் தொப் தொப்பென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வீடு வரை நான் ஓடிய ஓட்டத்தை அந்த கிளப்காரர்கள் பார்த்திருந்தால் போட்டியே நடத்தாமல் கோப்பையைக் கொடுத்திருப்பார்கள். வாசலில் விசாலம் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றாள். "ஏன்னா, யாராவது அடிக்க வராளா?" என்றாள். "பின்னால யாரு வரான்னு பாரு" என்றேன். எட்டிப் பார்த்தாள். "பால்காரன்கூட வரல்லையே" என்றாள்.

பகலெல்லாம் அடங்கியிருந்தது. சாயங்காலம் மாடிப்படி ஏறினேன், வந்துவிட்டது. படுத்து வலது காதைத் தலையணையில் வைத்தால் தலையணைக்குள் ஓடியது. நாலைந்து நாளில் விசாலத்திடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். "ஏன்னா, தட்டிவிட்டதைத் திருப்பி வெச்சுடணும்" என்றாள்.

இப்படியாக, வெங்காயம்கூட அமாவாசைக்கு நுழையாத எங்கள் வீட்டிலிருந்து கிட்டு கள் வாங்கப் புறப்பட்டான். காப்பித் தூக்கை எடுத்துக்கொண்டான். விசாலம் அதைப் பிடுங்கிக்கொண்டு பழைய எண்ணெய்த் தூக்கைக் கொடுத்தாள். கள்ளுக்கடையில் பாங்கு வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்களாம். "சாருக்கு இவிடே அக்கவுண்டா?" என்று கேட்டார்களாம். முட்டையை அவிக்க அடுப்பு கிடைக்காமல், ஹம்சா தன் வீட்டில் அவித்துக் கொடுத்தான். சுருட்டு நான் வாங்கினேன். நானும் கிட்டுவும் ஹம்சாவும் சாயங்காலம் மதிலடியில் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எந்த மந்திரம் சொல்வது என்று தெரியாமல் நான் பிள்ளையாருக்குச் சொல்வதையே சொல்லித் தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாவது தோப்புக்கரணத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் அவர் ஓடிக்கொண்டேதான் இருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்று தோன்றியது. சங்கிலியில் கட்டிச் சுவருக்குள் வைக்கப்பட்டவர் அவர். காலை நீட்டக்கூட இடமில்லாமல் செத்தவர். அவர் எதற்கு என் பின்னால் ஓடுகிறார்? ஓடத்தானே முடியவில்லை அவரால்? இல்லை, அதனால்தான் ஓடுகிறாரா? இந்தக் கேள்வி என் நெஞ்சில் விழுந்த பிறகு எனக்கு வேடிக்கை விட்டுப்போயிற்று. அடுத்த நாளிலிருந்து அந்த மதிலைத் தவிர்த்து வேறு தெரு வழியாக ஓடினேன். அவரும் தெருவை மாற்றிக்கொண்டார்.

பிறகு பச்சரிசி. எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது. அரிசிப் பானைப் பக்கம் போனால் கை தானாக உள்ளே போகும். ஒரு பிடி, இரண்டு பிடி. நறநறவென்று மெல்லும்போது கிடைத்த சுகத்தை எந்தப் பாயசத்திலும் கண்டதில்லை. விசாலம் எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். ஒரு நாள் மத்தியானம் பானைக்குள் கை விட்ட நிலையில் என்னைப் பிடித்தாள். என் முகத்தையே பார்த்தாள். "இது நீங்களா தின்னறேள்?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். வேறொருவருடைய பசி எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். முந்நூறு வருஷப் பசி.

விழுந்தது ஓட்டத்தில் அல்ல. கிடங்கில், தராசுக்குப் பக்கத்தில், ஒரு எடைக்கல்லை நகர்த்தக் குனிந்தபோது. எழுந்தபோது ஹம்சாவின் மடியில் என் தலை. எங்கள் தெரு டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நகங்கள் கரண்டி மாதிரி குழிந்திருந்தன. இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. "எத்தனை மாசமா இப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். எழுதும்போது என் பக்கம் பார்க்கவில்லை. டாக்டர்கள் பார்க்காமல் எழுதினால் என்ன அர்த்தம் என்று படகில் போகும்போது கிட்டுவைக் கேட்டேன். "கையெழுத்து நன்னா வரணும்னு இருக்கும்" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சு என்பது ஒரு தனி உலகம். பக்கத்தில் உள்ளவருக்கு என்ன நோய் என்று கேட்டு, நம்முடையதைவிடச் சின்னதாக இருந்தால் பொறாமைப்பட்டு, பெரிதாக இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவோம். என்னைக் கேட்டவர்களிடம் "காலடிச் சத்தம்" என்றேன். எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். பெஞ்சில் நன்றாகக் கால் நீட்ட முடிந்தது.

டாக்டர் லீலா என்று ஒரு இளம் பெண். மதராஸில் படித்தவள், தமிழ் பேசினாள். அவளிடம் மட்டும் முழுக்கச் சொன்னேன், மதில், சிரட்டை, முட்டை எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். என் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். "எனக்கும் கேக்குது" என்றாள்.

"இது உங்க ரத்தம் ஓடற சத்தம்" என்றாள். விளக்கினாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்று சிவப்புச் சரக்கு ஒன்று இருக்கிறதாம். மூச்சுக்காற்றைத் தூக்கிக்கொண்டு உடம்பெங்கும் கொண்டு போடுகிற சுமைகூலி அது. ஆம்பிளைக்குப் பதினாலு இருக்க வேண்டும். எனக்கு நாலரை. ஆள் குறைந்தால் இருக்கிறவர்கள் ஓடி ஓடிச் சுமக்க வேண்டும். நெஞ்சு வேகமாக அடிக்கும், நீர்த்த ரத்தம் கழுத்துக் குழாயில் இரைச்சலோடு பாயும், காது பக்கத்தில் இருப்பதால் அந்த இரைச்சல் கேட்கும். "இந்த நாலரையை வெச்சுக்கிட்டு நீங்க தினம் ஓடியிருக்கீங்க" என்றாள். அதிசயப்பட்டாளா, திட்டினாளா என்று இன்று வரை தெரியாது.

"அப்ப முத்தப்பன் இல்லையா?" என்றேன்.

"ரத்தம் எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்கணும். அதுதான் இப்ப கேள்வி" என்றாள். பேய் என்றால் கள்ளும் முட்டையும் போதும். இதற்கு என்ன வைப்பது?

வார்டில் எனக்கு அடுத்த கட்டில் பவுலோஸ் சேட்டனுடையது. ஏலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். என்னைவிட மூன்று நாலு வயசு மூத்தவர். வாலிபத்தில் கோயமுத்தூரில் வேலை பார்த்ததால் தமிழ் ஒருவிதமாகப் பேசுவார். அவரும் என்னைப் போல வெளிறியிருந்தார். கூடவே காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு. கட்டில் ஓரத்தில் அவர் மனைவி அன்னம்மா சேச்சி எப்போதும் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். "ரெண்டு வெள்ளைக்காரன் ஒரே வார்டில்" என்று பவுலோஸ் சேட்டன் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் எங்கள் முதல் அறிமுகம்.

இரண்டாம் நாள் காலை சிஸ்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். மலப் பரிசோதனை. இங்கேதான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த முட்டாள்தனம் வருகிறது. விசாலம் வீட்டிலிருந்து சமைத்து, படகு ஏறி, மடியாகக் கொண்டுவரும் சாப்பாட்டுத் தூக்கு வைக்கிற மேஜை அது. அந்தக் குப்பியைத் தொட்டால் நான் குளிக்க வேண்டும். குளிக்காமல் அவள் கையால் சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. குளியலறைக் குழாயில் அந்த நேரம் தண்ணீர் வராது. வந்தாலும் நின்று குளிக்க எனக்குத் தெம்பில்லை. அன்றைக்குச் சிஸ்டர் கேட்டபோது "வரல்லை" என்றேன். மறுநாளும் "வரல்லை". மூன்றாம் நாள் அவள், "சுவாமிக்கு இனிமா வைக்கேண்டி வரும்" என்றாள்.

இனிமா என்கிற சொல்லைக் கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்துப் பவுலோஸ் சேட்டன் கட்டில் குலுங்கச் சிரித்தார். சிஸ்டர் போனதும் குரலைத் தாழ்த்தி, "சுவாமி, அந்தக் குப்பி இங்கே தா. நமக்குக் குளியும் ஜபமும் ஒண்ணும் இல்லையல்லோ. என் கிட்டே தாராளமா உண்டு" என்றார். அன்னம்மா சேச்சி, "அய்யே, மனுஷா!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொஞ்சம் தயங்கினேன். ரொம்பத் தயங்கவில்லை. என் கட்டில் எண் எழுதிய குப்பி நிறைந்து சிஸ்டரின் தட்டில் ஏறியது. அன்று விசாலம் கொண்டுவந்த மோர்க்குழம்பைச் சுத்தமான மனசோடு சாப்பிட்டேன்.

முடிவு வந்தது. என் வயிறு குற்றமற்றது. புழு இல்லை, ரத்தக் கசிவு இல்லை. பெரிய டாக்டர் ரவுண்டு வந்தபோது டாக்டர் லீலாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். சாதாரணக் காரணம் ஒன்றும் காணவில்லை, எலும்பு மஜ்ஜை பார்த்தாக வேண்டும் என்றார். பிறகு தணிந்த குரலில் ஒரு சொல் சொன்னார். டாக்டர்களின் தணிந்த குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும். லுகேமியா. ரத்தப் புற்றுநோய். ஒருவேளை இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த "ஒருவேளை" மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும் ரத்த உற்பத்திச் சாலை. நெஞ்செலும்பில் தடித்த ஊசியைத் திருகி இறக்கி, சிரிஞ்சால் இழுத்து எடுப்பார்கள். மரத்துப்போக மருந்து போடுவார்கள். தோல் மரக்கும், இழுப்பு மரக்காது. உயிரைச் சோடாப் புட்டியின் மூடி மாதிரி நெம்பி எடுப்பது போல இருந்தது. நான் போட்ட சத்தத்துக்கு வெளியே நின்றிருந்த கிட்டு மயங்கி விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் அவனைக் கிடத்தி, என்னை நடத்திக் கூட்டிவந்தார்கள். எனக்கு அடுத்துப் பவுலோஸ் சேட்டனுக்கும் அதே ஊசி. திரும்பி வந்தவர், "பட்டர் கத்தினதில் எனக்கு வலி தெரியல்லை" என்றார். பட்டர் என்று மலையாளிகள் சொல்வது எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை. இரண்டு பேருடைய மஜ்ஜையைத் தடவிய கண்ணாடித் தகடுகளும் ஒரே பெட்டியில் திருவனந்தபுரம் போயின.

காத்திருந்த நாட்களைப் பற்றி என்ன எழுத? என் பிணத்தை எத்தனை பேர் தூக்குவார்கள், மாடிப்படி இல்லாத வழியாக இறக்க முடியுமா என்றெல்லாம் யோசித்து வைத்தேன். கிட்டுவைக் கூப்பிட்டு, "என் சைக்கிளை நீ எடுத்துக்கோ" என்றேன். "அதுக்குப் பிரேக் கிடையாது அத்திம்பேர், நான் உங்க பின்னாலயே வந்துடுவேன்" என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விசாலம் என் வலது காதில் எண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்தாள். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை என்று அவளுக்கும் தெரியும். அதோடு, ஒரு சின்னப் பொட்டலம் பச்சரிசியை வறுத்து என் தலையணைக்குக் கீழே வைத்தாள். "பச்சையாத் தின்னா வயிறு நோகும், கேட்டேளா" என்றாள். அவள் செய்த எத்தனையோ காரியங்களில் அந்தப் பொட்டலம்தான் என்னை அழ வைத்தது.

பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. பவுலோஸ் சேட்டனின் வயிற்றை என் பேரில் கொடுத்திருக்கிறேன். மேலே உள்ளவன் அதைச் சரிசெய்ய, அவருடைய நோயை என் பேரில் எழுதிவிட்டால்? இரண்டு தகடும் ஒரே பெட்டியில்தானே போயிருக்கின்றன. எண் மாறினால்? ஒரு தடவை மாறியது மறுபடி மாறாதா? மத்தியான வெயிலில் வார்டே தூங்கும்போது காதுக்குள் தொப் தொப்பென்று அவர் ஓடுவார். இது ரத்தம், ரத்தம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிக்கொள்வேன். அவர் ஓட்டத்தைக் குறைக்க மாட்டார். அறிவுக்குத் தெரிந்தது காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

டாக்டர் லீலா காகிதத்தோடு வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். விசாலம் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"புற்றுநோய் இல்லை" என்றாள் டாக்டர். விசாலம் பிடியை விடவில்லை. "மஜ்ஜையில இரும்புச்சத்து சுத்தமாக் காலி. கூடவே ஒருவகை வெள்ளணு ரொம்ப ஜாஸ்தி. வயித்துல கொக்கிப்புழு இருந்தா இப்படித்தான் இருக்கும். ஆனா உங்க மலம் சுத்தம்னு ரிசல்ட் வந்திருக்கு. எனக்குப் புரியவே இல்லை."

நான் கூரையைப் பார்த்தேன். பவுலோஸ் சேட்டன் சுவரைப் பார்த்தார். அன்னம்மா சேச்சி ஜெபமாலையை வேகமாக உருட்டினாள்.

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சுவாமி, அந்தக் குப்பி உங்களோடதுதானா?"

"என்டேதாக்கும்" என்றார் பவுலோஸ் சேட்டன்.

எல்லாக் கட்டில்களிலிருந்தும் சிரிப்பு. காலில் மாவுக்கட்டுப் போட்டு முனகிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். டாக்டர் லீலா மட்டும் சிரிக்கவில்லை. "நெஞ்செலும்புல ஓட்டை போட்டோமே, ஐயா" என்றாள். விசாலம் தலையில் அடித்துக்கொண்டு, தானே புதுக் குப்பியை வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். "மடி ஆசாரமெல்லாம் நான் பார்த்துக்கறேன். போங்கோ" என்றாள். என் சொந்தச் சரக்கில் புழு முட்டை பார்த்த லாப் பையன் பக்கத்து அறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினானாம்.

கொக்கிப்புழு செய்கிற காரியம் இது. அதன் முட்டை மலத்தோடு ஈர மண்ணில் விழுந்து பொரிகிறது. குஞ்சு, மண்ணில் படுகிற வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அரிப்பு அதுதான். ரத்தத்தில் ஏறி நுரையீரல் வரை போகிறது. இருமல் அதுதான். தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலில் போய்க் கொக்கி மாட்டி ரத்தம் குடிக்கிறது. உள்ளங்காலிலிருந்து குடல் வரை அவை ஓடியதுதான் எங்கள் வீட்டில் ஒழுங்காக முடிந்த ஒரே அரை மாரத்தான். பச்சரிசிப் பைத்தியமும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதுதான் என்றாள் டாக்டர். முதலிலேயே கொஞ்சம் புழு இருந்திருக்கலாம், கால்வாய்க் கரை மீதியைச் சேர்த்தது.

மாத்திரையில் புழு போய்விடும், ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றுகிற அளவுக்கு நம் பக்கத்து ஆட்கள் கொடுக்க வேண்டும். மயங்கி விழுகிற கிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுத்தான். ஹம்சா கிடங்கிலிருந்து நேராக மிளகுத் தூசியோடு வந்து கொடுத்தான். "சுவாமி, நான் இன்னலே போத்துக்கறி தின்னதாணு, குழப்பமில்லையோ?" என்று கேட்டான். முந்தின நாள் எருமைக்கறி தின்றானாம். விசாலம் தூக்கைத் திறந்து, எனக்குக் கொண்டுவந்த தயிர்சாதத்தை அவனுக்குப் பரிமாறினாள்.

இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியிருக்கும். மத்தியானம். காதுக்குள் சத்தம் மெலிய ஆரம்பித்தது. நின்றது என்று சொல்ல முடியாது. தெருவில் போகிறவன் ஒரு சந்தில் திரும்பினால் காலடி எப்படித் தேயுமோ அப்படி. நான் மூச்சைப் பிடித்துக் கேட்டேன். இல்லை. போய்விட்டார். மகிழ்ச்சியில் துள்ள வேண்டியவன், ஏனோ, ஆளில்லாத வீட்டில் விடப்பட்டவன் மாதிரி படுத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து பவுலோஸ் சேட்டன் கூப்பிட்டார். "சுவாமி, உறங்கியோ?"

"இல்லை சேட்டா."

"நீ சொன்னியல்லோ, காதில் ஆள் நடக்கிற மாதிரி. அது வலத்தா, இடத்தா?"

"வலது."

"இப்ப எனக்கும் கேக்குது, வலத்துதான்" என்றார்.

நான் டாக்டர் லீலா சொன்னதை அப்படியே சொன்னேன். சுமைகூலி, நீர்த்த ரத்தம், கழுத்துக் குழாய். நன்றாகத்தான் விளக்கினேன். அவர் "ஆ, ஆ" என்று கேட்டுக்கொண்டார். என் விளக்கத்தில் எனக்கு மட்டும்தான் நம்பிக்கையில்லை. இப்போதும், இத்தனை வருஷம் கழித்து, இதை எழுதும்போது, அந்த மத்தியானத்தை டாக்டர் சொன்ன கணக்கில் கொண்டு போய்ச் சேர்க்க என்னால் முடிந்ததில்லை.

அவருடைய காகிதம் என்னுடையதுக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. அன்னம்மா சேச்சியை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் உள்ளே வந்து அவர் போர்வையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வையை மறுபடி மறுபடி சரிசெய்தாள். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டம் ஆஸ்பத்திரிச் சாலை வழியாகத்தான் போனது. பெயர் கொடுத்திருந்த நான் மாடி வராந்தாவில், இரும்பு மாத்திரையின் புளிப்போடு, விசாலம் வாங்கிவந்த புது ரப்பர் செருப்பில் நின்றேன். பவுலோஸ் சேட்டன் தன்னையும் தூக்கி உட்கார்த்தச் சொன்னார். நானும் சேச்சியும் நாற்காலியில் கொண்டு வந்தோம். கனமே இல்லை. பனியன் போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள்.

"இவங்க எல்லாம் எங்கே போறாங்க?" என்றார்.

"தேவராப் பக்கம் போய்த் திரும்பி இங்கேயே வருவா."

"இங்கேயே வரதுக்கு எதுக்கு ஓடணும்?"

"அது எனக்கும் தெரியல்லை சேட்டா. கிட்டுதான் சிரிச்சான்" என்றேன். அவர் சிரித்தார். ஈறில் ரத்தம் தெரிந்தது. சேச்சி துடைத்துவிட்டாள். கடைசி ஆள் போய் முடியும் வரை அவர் உள்ளே வரச் சம்மதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பவுலோஸ் சேட்டன் தை பிறப்பதற்கு முன்னால் அதே கட்டிலில் இறந்துபோனார். ஏலூரில் அடக்கம். நானும் விசாலமும் கிட்டுவும் போயிருந்தோம். எனக்கு வந்தது கொக்கிப்புழு. அவருக்கு வந்தது ரத்தப் புற்றுநோய்.